ஸ்டாக் காரில் ஸ்டாக் எவ்வளவு?

நீங்கள் கேட்டது இதுதான்: "கள்ளச்சாராயம் கடத்திய பழைய ஃபோர்டு கார்களில் இருந்துதான் நாஸ்கார் பிறந்தது என்கிறார்கள். ஆனால் முதல் பந்தயத்திலேயே ஒரு சாராயக் காரைத் தகுதிநீக்கம் செய்தார்களாமே? அப்படியென்றால் ஷோரூமில் வாங்கிய காரை அப்படியே ஓட்டினார்களா? எதை வைத்து அதை ஸ்டாக் கார் என்றார்கள்?" (நாஸ்கார் என்பது அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் நடத்தும் அமைப்பு.) வரலாறு கேட்பது போல இருந்தாலும், அந்தக் கார்களில் எது ஜெயித்தது என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. கம்பெனி கட்டிக்கொடுத்த காரா, மெக்கானிக்கின் தில்லுமுல்லா?

என்னைப் பற்றி இரண்டு வரி. இருபது வருடத்துக்கு மேல் சஸ்பென்ஷன், அதாவது காரைச் சக்கரங்களின் மேல் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு, அதன் வடிவமைப்பில் வேலை பார்த்தவன் நான். அதில் ஆறு வருடம் வட கரோலினாவில். அங்கே வார இறுதி என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகையில் ஒரு 1940 ஃபோர்டைப் பிரித்துப் பூட்டுவதுதான். ஆகவே ஃபோர்டு பற்றிக் கையில் கிரீஸ் பட்ட அனுபவம் உண்டு. ஹட்சன், ஓல்ட்ஸ்மொபைல் என்ற அந்தக் கால அமெரிக்கக் கார்களை மியூசியத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. அவற்றைப் பற்றி நான் சொல்வது படித்ததும், படித்ததைத் தொழில் கண்ணோடு யோசித்ததும். இன்னொன்று: அந்தக் காலப் பந்தயங்களில் யார், எந்தக் காரில், எங்கே ஜெயித்தார் என்பது நன்றாகப் பதிவானது. சாராயக் கதைகள் அப்படியல்ல. கடத்துகிறவன் ரசீது வைத்துக்கொள்வதில்லை.

முதலில் அந்தச் சொல். மளிகைக் கடையில் 'ஸ்டாக் இல்லை' என்கிறோமே, அதே ஸ்டாக்தான். விற்பனையாளரிடம் இருப்பில் உள்ள, யாரும் பணம் கட்டி எடுத்துப்போகக்கூடிய கார். அன்றைக்கு அமெரிக்காவில் கார் பந்தயம் என்றால் இண்டியனாபொலிஸ் போன்ற இடங்களில் பந்தயத்துக்கென்றே செய்த ஒற்றை ஆள் வண்டிகள். அதற்கு எதிராக 'நம் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி கார்' என்று வேறுபடுத்திக் காட்டத்தான் இந்தப் பெயர். 1936 மார்ச் 8ஆம் தேதி ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில், பாதித் தடம் கடற்கரை மணலிலும் பாதி தார்ச்சாலையிலுமாக ஒரு பந்தயம் நடந்தது. ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர். திருப்பங்களில் மணல் குழிந்து கார்கள் புதைந்துபோயின. நடத்திய நகராட்சிக்கு நல்ல நஷ்டம். மில்ட் மேரியன் என்பவர் ஒரு ஃபோர்டில் ஜெயித்தார். ஐந்தாவதாக வந்தவர் பில் ஃபிரான்ஸ். இரண்டு வருடம் முன்பு வாஷிங்டனில் இருந்து அங்கே குடிவந்த மெக்கானிக். பிற்பாடு நாஸ்காரைத் தொடங்கியது இவர்தான்.

சரி, சாராயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 முதல் 1933 வரை. விலக்கு போன பிறகும் வரி கட்டாமல் காய்ச்சி விற்பது தெற்கு மலையடிவாரங்களில் நிற்கவில்லை. ஜார்ஜியாவின் டாசன்வில், வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டி எல்லாம் இதற்குப் பேர் போன இடங்கள். ராத்திரியில் சரக்கோடு மலையிறங்கி ஊர் சேர வேண்டும், பின்னால் வரித்துறை ஆட்கள் துரத்துவார்கள். இந்த வேலைக்கு ஃபோர்டு மாதிரி கார் வேறு இல்லை. 1932இல் ஃபோர்டு சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் வி8 என்ஜினைக் கொடுத்தது. 3.6 லிட்டர், ஆரம்பத்தில் 65 குதிரைத்திறன், சில வருடங்களில் 85. 1939இல் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது. 1940 கூபேயில், அதாவது இரண்டு கதவுக் காரில், முன்னால் இருவர் உட்கார இடம், பின்னால் ஒரு பெரிய டிக்கி. பார்ப்பதற்குத் தேவாலயத்துக்குப் போகும் வண்டி.

அந்த டிக்கியிலும் சீட்டுக்குப் பின்னாலும் நூறு கேலன் சாராயம் ஏற்றினால் கிட்டத்தட்ட 350 கிலோ. கார் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், தூரத்தில் இருந்து பார்க்கிற போலீஸ்காரனுக்கே விஷயம் தெரிந்துவிடும். பழைய ஃபோர்டில் பின் ஸ்பிரிங் ஒன்றே ஒன்றுதான். லாரிக்கு அடியில் பார்ப்பீர்களே, அடுக்கடுக்கான பட்டைகள், அதே சாதி. ஆனால் இங்கே நீளவாக்கில் இல்லாமல் குறுக்குவாட்டில் இந்தச் சக்கரத்தில் இருந்து அந்தச் சக்கரம் வரை போகும். பட்டைகளைக் கூட்டியோ வேறு விதமாக விறைப்பாக்கியோ வைத்தால் பாரத்தோடும் கார் நேராக நிற்கும். அதைவிட முக்கியம், வளைவில் சாயாது. கடத்தல்காரன் போலீஸ் கண்ணுக்குத் தப்பச் செய்த வேலை, வளைவில் வேகமாகத் திரும்பவும் உதவியது. இந்த ஸ்பிரிங்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

இதில் எது உறுதி? டாசன்வில்லில் பிறந்து அட்லாண்டாவில் சாராய வியாபாரத்தில் பணம் பார்த்த ரேமண்ட் பார்க்ஸ் பந்தயக் கார்களுக்குச் செலவு செய்தார். ரெட் வோக்ட் என்ற மெக்கானிக் அவற்றைத் தயார் செய்தார். பார்க்ஸின் உறவுக்காரப் பையன்கள் லாய்ட் சீயும் ராய் ஹாலும் இரண்டு வேலைக்கும் ஓட்டினார்கள். 1941 செப்டம்பரில் அட்லாண்டாவின் லேக்வுட் மைதானத்தில் ஜெயித்த மறுநாளே, சாராயம் காய்ச்ச வாங்கிய சர்க்கரைக் கணக்குத் தகராறில், சீ தன் உறவினர் கையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இதெல்லாம் பதிவில் இருக்கிறது. 'ஆரம்ப காலத்தில் ஓட்டிய எல்லாரும் கடத்தல்காரர்கள்' என்பது ஊதிப் பெருக்கியது. விவசாயி, மரம் அறுப்பவர், கராஜ் வைத்திருந்தவர், போரில் இருந்து திரும்பியவர் எல்லாரும் கலந்துதான் ஓட்டினார்கள். பார்க்ஸுக்காகவே ஓட்டிய ரெட் பைரன் அப்படி ஒரு போர்க்காரர். குண்டுவீச்சு விமானத்தில் இருந்தபோது கால் சிதைந்தது. அந்தக் காலை கிளட்ச் பெடலோடு பிணைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டியவர்.

அந்த ஃபோர்டு என்ஜினைப் பற்றிப் பலர் பக்தியோடு பேசுவார்கள். பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலிவாகவும் சுலபமாகவும் இருப்பதுதான் அதன் பெரிய பலம். 'ஃப்ளாட்ஹெட்' என்று பெயர் வரக் காரணம், வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல், சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலான பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் வெறும் மூடி மாதிரி தட்டையாக இருக்கும். பழைய வில்லிஸ் ஜீப்பைப் பிரித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. சிக்கல் என்னவென்றால், ஃபோர்டில் எரிந்த புகை வெளியே போக பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் இடத்தின் வழியாகப் போகும். போகிற போக்கில் தண்ணீரைச் சூடாக்கிவிடும். எங்கள் கொட்டகை ஃபோர்டும் ஜூலை மாதத்தில் சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் ரேடியேட்டர் மூடியில் இருந்து ஆவி விடும். ஆனால் ஹெட்டைச் சீவி, கார்புரேட்டரை இரண்டாக்கி, வால்வுகளைத் திறந்து மூடும் கேமை மாற்றினால் சக்தி மளமளவென்று ஏறும். பார்ட்ஸ் எந்தக் கழிவுக் கிடங்கிலும் கிடைக்கும். பந்தயக்காரனுக்கு அதுதானே வேண்டும்.

போர் நடந்த 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. போர் முடிந்ததும் புதுக் காருக்குக் காத்திருப்போர் வரிசை. ஆகவே பந்தயத்தில் ஓடியதெல்லாம் போருக்கு முந்தைய, நன்றாக மாற்றியமைத்த ஃபோர்டுகள். 1947 டிசம்பர் 14இல் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்தில் நாஸ்கார் உருவாகி 1948 பிப்ரவரியில் பதிவானது. அந்தப் பெயரைச் சொன்னவர் அதே மெக்கானிக் ரெட் வோக்ட். முதல் வருடம் நடத்தியது 'மாடிஃபைட்' பந்தயம், அதாவது மாற்றியமைத்த கார்கள். சாம்பியன் ரெட் பைரன், கார் ஃபோர்டு. உங்கள் கேள்வியின் முதல் பாதி, ஃபோர்டும் சாராயமும், இந்தக் காலகட்டத்துக்குத்தான் பொருந்தும்.

ஸ்டாக் என்ற சொல்லை ஃபிரான்ஸ் கறாராக எடுத்துக்கொண்டது 1949இல். 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' என்று பெயர் வைத்து, போருக்குப் பிந்தைய கார்கள், அதுவும் கம்பெனியில் இருந்து வந்தபடியே, என்று அறிவித்தார். ஜூன் 19, வட கரோலினாவின் சார்லட், முக்கால் மைல் மண் தடம், 200 சுற்று, 33 கார். ஃபோர்டு, லிங்கன், ஹட்சன், ஓல்ட்ஸ்மொபைல், பியூக், கிரைஸ்லர், கைசர், காடிலாக் என்று ஒரு கார் கண்காட்சியே ஓடியது. சிலர் அந்தக் காரிலேயே மைதானத்துக்கு வந்து, கதவு திறந்துகொள்ளாமல் பெல்ட் போட்டுக் கட்டி, முன்விளக்குக் கண்ணாடி உடைந்து சிதறாமல் இருக்க டேப் ஒட்டி, அப்படியே ஓட்டினார்கள். ஜிம் ரோப்பர் கான்சஸில் இருந்து லிங்கனோடு வந்திருந்தார். பத்திரிகையில் வந்த ஒரு சித்திரத் தொடரைப் பார்த்துத்தான் இந்தப் பந்தயம் பற்றியே தெரிந்துகொண்டார் என்பார்கள்.

முடிவுக்கோட்டை முதலில் தாண்டியது கிளென் டனவே, ஒரு 1947 ஃபோர்டில். இரண்டாவதாக வந்த ரோப்பர் மூன்று சுற்று பின்தங்கியிருந்தார். அப்புறம் சோதனை நடந்தது. அந்த ஃபோர்டின் பின் ஸ்பிரிங்கில் கை வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நான் மேலே சொன்ன அதே சாராய ஸ்பிரிங். டனவே தகுதிநீக்கம், ரோப்பரின் லிங்கனுக்கு முதல் பரிசு 2,000 டாலர். அந்த வாரம்கூட அந்தக் கார் சரக்கு ஏற்றியது என்று கதை உண்டு, அதற்கு நான் பொறுப்பில்லை. காரின் சொந்தக்காரர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லேண்ட் 10,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார், நீதிபதி தள்ளுபடி செய்தார். சஸ்பென்ஷன்காரனாக எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. மண் தடத்தில் இருபது குதிரைத்திறன் கூடுதலாகக் கொடுப்பதா, சாயாத பின்பக்கம் கொடுப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

அதே பந்தயத்தில் லீ பெட்டி என்பவர் ஒரு பெரிய பியூக் ரோட்மாஸ்டரை இரவல் வாங்கி ஓட்டி வளைவில் உருட்டிவிட்டார். வந்ததும் அந்தக் காரில்தான், ஆகவே வீட்டுக்குப் போக வழியில் வந்த வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டியதாயிற்று என்பது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, அவர் அடுத்து வாங்கியது 97 குதிரைத்திறன் மட்டுமே உள்ள ஒரு சின்ன பிளைமவுத் கூபே. அக்டோபரில் பென்சில்வேனியாவில் அதை வைத்தே ஜெயித்தார். காரணம் எளிது. இந்தத் தடங்களில் எப்போதும் இடப்பக்கம்தான் திருப்பம். திரும்பும்போது காரின் எடை வலப்பக்கம் சாயும், அதிலும் பிரேக் போட்டபடி நுழைந்தால் முழுச் சுமையும் வலது முன்சக்கரத்தின் தலையில். ஞாயிற்றுக்கிழமை உலா போகச் செய்த சக்கரத் தகடு அதைத் தாங்காது. நட்டு இருந்த இடத்தில் நிற்கும், தகடு கிழிந்து சக்கரம் தனியாக ஓடும். பல கார்கள் அப்படித்தான் முடிந்தன. வலது முன்சக்கரத்துக்கு இரும்புத் தகடு வைத்துப் பலப்படுத்தலாம் என்று ஆரம்பத்திலேயே அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. 'கண்டிப்பான ஸ்டாக்'கில் விழுந்த முதல் ஓட்டை அதுதான் என்பேன், அதுவும் உயிர் காக்க.

1949இல் நடந்த எட்டுப் பந்தயங்களில் ஐந்தை ஓல்ட்ஸ்மொபைல் 88 எடுத்துக்கொண்டது. பெரிய மாடலுக்குச் செய்த 5 லிட்டர் 'ராக்கெட்' வி8 என்ஜினைச் சின்ன மாடலில் போட்டார்கள். வால்வுகள் மேலே ஹெட்டில், 135 குதிரைத்திறன். சாம்பியன் மறுபடி ரெட் பைரன், காருக்குப் பணம் பார்க்ஸ், மெக்கானிக் வோக்ட். பாருங்கள், அதே சாராயப் பணம், அதே கைகள், ஆனால் ஃபோர்டு போய்விட்டது. சாராயத் தொழில் இந்தப் பந்தயத்துக்குக் கொடுத்தது பணமும் மெக்கானிக்கும் பயமில்லாத சில ஓட்டுநர்களும் என்பதுதான் என் கணக்கு.

1950 செப்டம்பர் 4இல் தென் கரோலினாவின் டார்லிங்டன். மீன்குளம் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிலத்தின் பழைய சொந்தக்காரர் சொன்னதால் முட்டை வடிவில் அமைந்த தார்த் தடம் அது. 75 கார்கள், 500 மைல். ஓல்ட்ஸ்மொபைல்காரர்களும் காடிலாக்காரர்களும் பறந்தார்கள், டயர் வெடித்தது, மாற்றினார்கள், மறுபடி வெடித்தது. சாலைக் காரின் டயருக்கு அந்த எடையும் அந்தச் சூடும் புதிது. இண்டியனாபொலிஸில் தார்த் தடம் பழகிய ஜானி மான்ட்ஸ் கடினமான ரப்பர் கொண்ட லாரி டயரைப் போட்டு, ஒரு பிளைமவுத்தில், தகுதிச் சுற்றில் கடைசி வேகத்தில் வந்தவர், உருட்டிக்கொண்டே போனார். ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பந்தயத்தில் ஒன்பது சுற்று முன்னால் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 121 கிலோமீட்டர். அந்தப் பிளைமவுத்தின் பங்குதாரர்களில் பில் ஃபிரான்ஸும் உண்டு, ஒரு வருடம் முன்பு ஸ்பிரிங்குக்காக வழக்குப் போட்ட அதே வெஸ்ட்மோர்லேண்டும் உண்டு. ஊர் சின்னது.

எனக்குப் பிடித்தது ஹட்சன். 1948இல் வந்த அதன் உடலமைப்பில் தரை, காரின் அடிச்சட்டத்தின் மேல் உட்காராமல் அந்தச் சட்டத்துக்கு நடுவில் தாழ்ந்து இருக்கும். காருக்குள் ஏறுவதில்லை, ஒரு படி இறங்க வேண்டும். எடையின் மையம் தாழ்ந்ததால் வளைவில் மற்ற கார்கள் சாய்ந்து தடுமாறும்போது இது தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். 1951இல் ஹார்னெட் மாடலில் 5 லிட்டர் ஆறு சிலிண்டர் வந்தது, 145 குதிரைத்திறன். அதுவும் பழைய ஃப்ளாட்ஹெட்தான், ஓல்ட்ஸ்மொபைலின் நவீன என்ஜின் பக்கத்தில் வைத்தால் பஞ்சாங்கம். ஆனால் 1952இல் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் ஜெயித்தது. 1951லும் 1953லும் ஹெர்ப் தாமஸ், 1952இல் டிம் ஃப்ளாக் சாம்பியன். (1953இல் ஃப்ளாக் தன் காரில் ஒரு குரங்கையும் சேர்த்து ஓட்டினார். கட்டுக்கதை போலத் தோன்றும், உண்மை. ஒருநாள் அது கட்டை அவிழ்த்துக்கொண்டு அவர் தோளில் ஏற, ஜெயிக்க வேண்டிய பந்தயம் போனது.)

உங்கள் 'ஸ்டாக்' கேள்விக்கு இங்கேதான் உண்மையான விடை இருக்கிறது. டேடோனாவைச் சேர்ந்த மார்ஷல் டீக் ஹட்சன் கம்பெனியின் ஆதரவைப் பெற்றார். கம்பெனி என்ன செய்தது? கனமான அச்சு, பலமான சக்கரம், சக்தி கூட்டும் என்ஜின் பாகங்கள் எல்லாவற்றையும் 'கடும் உபயோகத்துக்கானவை' என்று பார்ட்ஸ் பட்டியலில் சேர்த்துவிட்டது. போலீஸுக்கும் கரடுமுரடான சாலைக்காரருக்கும் என்று பேர். பட்டியலில் எண் இருக்கிறது, யாரும் வாங்கலாம், ஆகவே ஸ்டாக். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 1949இல் ஸ்டாக் என்றால் கார் வந்தபடி. மூன்றே வருடத்தில் ஸ்டாக் என்றால் பட்டியலில் இருப்பது. ஞாயிறு ஜெயித்தால் திங்கள் விற்கும் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டே, ஹட்சன் விஷயத்தில் அது எடுபடவில்லை. அந்தத் தாழ்ந்த உடலமைப்பை வருடாவருடம் புதுத் தோற்றத்துக்கு மாற்றுவது செலவு பிடித்த வேலை, கம்பெனியிடம் காசில்லை. 1954இல் நாஷ் கம்பெனியோடு இணைய வேண்டியதாயிற்று. 1957 மாடலோடு ஹட்சன் என்ற பெயரே போனது.

1955இல் படகு என்ஜின் தயாரித்துப் பணக்காரரான கார்ல் கீக்ஹேஃபர் வந்தார், வெள்ளை நிறக் கிரைஸ்லர் 300களோடு. 5.4 லிட்டர் 'ஹெமி' (எரியும் அறை அரைக்கோள வடிவில் உள்ள) என்ஜின், 300 குதிரைத்திறன், அதுவும் ஷோரூமிலேயே. டிம் ஃப்ளாக் அந்த ஒரு வருடத்தில் 18 பந்தயம் ஜெயித்தார். கார்கள் லாரியில் ஏறி வந்தன, மெக்கானிக்குகள் சீருடையில் இறங்கினார்கள். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை, கூச்சல் போட்டார்கள். அதே வருடம் டார்லிங்டனில் ஹெர்ப் தாமஸ் 4.3 லிட்டர் சின்ன செவ்ரொலேவில் ஜெயித்தார். காரணம் மறுபடி டயரும் எடையும்தான். 1957 ஜூனில் கார் உற்பத்தியாளர் சங்கம் பந்தயத்தில் இருந்து விலகுவதாகத் தீர்மானம் போட்டது. வெளியே விலகல், உள்ளே பின்கதவு உதவி.

எந்த வருடம் வரை அவற்றை ஸ்டாக் என்று சொல்லலாம் என்று என்னைக் கேட்டால், 1949, 1950 இரண்டும் ஓரளவு நிஜம். 1955 வரை ஷோரூம் கார் என்ற அடையாளம் இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அது வெறும் பெயர். இதில் மற்றவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள், சண்டைக்கு வரமாட்டேன். இன்றைய நாஸ்கார் காரில் முன்விளக்கே கிடையாது, விளக்கு மாதிரி அச்சடித்த ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். சார்லட்டில் அன்றைக்கு, உருளாமல் தப்பியவர்கள் டேப்பை உரித்துவிட்டு, அந்த விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.